இரத்தச்சோகைக்கு விடை தேடிய லூசி வில்ஸ் அம்மையார்

முல்லைப் பெரியாற்று நீர் பாயும் நமது கம்பம் பள்ளத்தாக்கில் பசுமைக்குப் பஞ்சமில்லை. கூடலூர் தொடங்கி வீரபாண்டி வரை நெல் வயல்கள். கம்பம், சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தல்கள். சின்னமனூரில் வாழைத் தோட்டங்கள். மலைக்கு மேலே ஏலமும் மிளகும். ஆயினும் இந்தப் பசுமையின் நடுவே வாழும் பெண்களில் பலர் முகம் வெளுத்துக் காணப்படுகின்றனர். இருள் பிரியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி ஏலத் தோட்டத்திற்குச் செல்லும் தாய்க்கும், தேனிப் பக்கத்து மில்லில் இரவு ஷிப்ட் பார்க்கும் அக்காவுக்கும் பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச்சோகை உடையவர்கள் என்று 2019–21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டியது.

மாணவிகளே, பள்ளிகளில் வாரம் ஒரு முறை தரப்படும் நீல நிற மாத்திரையை நீங்கள் அறிவீர்கள். (அதை வாயில் போடாமல் ஜன்னலுக்கு வெளியே அனுப்பி வைப்போர் சிலர் உண்டு என்பதை ஆசிரியைகளும் அறிவார்கள்!) அதில் இரண்டு பொருள்கள் உள்ளன. ஒன்று இரும்புச்சத்து, மற்றொன்று ஃபோலிக் அமிலம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணித் தாய்மாருக்குத் தரப்படும் மாத்திரையிலும் இவ்விரண்டுமே அடங்கியுள்ளன. இரும்பின் கதை பழையது. இரண்டாவது பொருளின் கதையோ ஓர் ஆங்கிலப் பெண் மருத்துவரின் வாழ்க்கைக் கதை. அதில் ஒரு பகுதி பம்பாயிலும், ஒரு பகுதி நமது குன்னூரிலும், ஒரு பகுதி சென்னைத் திருவல்லிக்கேணியிலும் நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

லூசி வில்ஸ் 1888-ஆம் ஆண்டு மே திங்கள் 10-ஆம் நாள் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்கு அருகிலுள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். அரிவாளும் கதிரறுக்கும் கருவிகளும் செய்து விற்கும் தொழில் அக்குடும்பத்திற்கு இருந்தது. தந்தை அறிவியல் பட்டதாரி. செடி கொடி, பாறை, புகைப்படக் கலை ஆகியவற்றில் தீராத ஆர்வம் கொண்டவர். தாய் ஒரு மருத்துவரின் மகள். இத்தகைய வீட்டில் வளர்ந்த பெண் குழந்தை இலைகளையும் கற்களையும் உற்றுப் பார்க்கப் பழகியதில் வியப்பில்லை. அவருடைய சகோதரர் ஒருவர் பின்னாளில் புகழ்பெற்ற நிலவியல் அறிஞரானார்.

பெண்களுக்குக் கணிதமும் அறிவியலும் முறையாகக் கற்பித்த மிகச் சில பள்ளிகளுள் ஒன்றான செல்டனம் மகளிர் கல்லூரியில் லூசி பயின்றார். 1907-இல் கேம்பிரிட்ஜில் உள்ள நியூனம் மகளிர் கல்லூரியில் சேர்ந்து தாவரவியலும் நிலவியலும் கற்றார். 1911-இல் தேர்வுகளை எழுதி முடித்தார், தேறினார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. பெண்கள் வகுப்பில் அமரலாம், தேர்வு எழுதலாம், பட்டம் மட்டும் பெறக்கூடாது என்பது அன்றைய கேம்பிரிட்ஜின் விதி. 1948-ஆம் ஆண்டில்தான் அந்த விதி மாறியது. அதே தேர்வை எழுதிய ஆண்கள் பட்டத்துடன் வெளியேற, லூசி வெறுங்கையுடன் வீடு திரும்பினார்.

அடுத்த சில ஆண்டுகள் துயரமும் தடுமாற்றமும் நிறைந்தவை. 1911-இல் தந்தை மறைந்தார். 1913-இல் மூத்த சகோதரி எடித் 26 வயதிலேயே இறந்தார். அவ்வாண்டில் தாயுடன் இலங்கைக்கு வந்து உறவினர்களைக் கண்டு சென்றார். 1914-இல் தம்பியுடன் தென்னாப்பிரிக்கா சென்றிருந்தபோது முதல் உலகப் போர் மூண்டது. கேப் டவுனில் ஒரு மருத்துவமனையில் சில வாரங்கள் தொண்டராகச் செவிலியர் பணி செய்தார். தாவரவியலா, மனநூலா, எதைத் தொடர்வது என்று தயங்கிக் கொண்டிருந்தவர், ஊர் திரும்பியதும் 1915-ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டன் மகளிர் மருத்துவப் பள்ளியில் சேர்ந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 26.

அந்தப் பள்ளிக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. இந்தியாவின் முன்னோடிப் பெண் மருத்துவர்களில் ஒருவரான ருக்மாபாய் அங்கே படித்தவரே. லூசி பயின்ற ஆண்டுகளில் பம்பாயைச் சேர்ந்த ஜெரூஷா ஜிராடு அம்மையாரும் அங்கே பயின்று கொண்டிருந்தார். 1920-இல், 32-ஆம் வயதில், லூசி மருத்துவப் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்க்கப் புறப்படுவது வழக்கம். இவரோ ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்திலேயே தங்கி, கர்ப்பிணிகளின் உடலில் நிகழும் மாறுதல்களை ஆராயத் தொடங்கினார்.

கர்ப்ப காலத்தில் பெண்ணின் உடலில் இரத்தத்தின் நீர்ப்பகுதி மிகுதியாகப் பெருகுகிறது. சிவப்பணுக்கள் அந்த அளவுக்குப் பெருகுவதில்லை. ஆகவே நலமாயிருக்கும் தாய்க்கும் சோதனைக் குழாயில் எண்கள் சற்றுக் குறைந்தே தெரியும். எந்த அளவு குறைவு இயற்கை, எந்த அளவு குறைவு நோய் என்று பிரித்தறிவதே இத்துறையின் முதல் பாடம். லூசி அதை நன்றாகக் கற்றுக்கொண்டார்.

1928-ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து அழைப்பு வந்தது. பிள்ளைப் பேற்றில் தாய்மார் இறப்பதற்கான காரணங்களை அறிய ஒரு விசாரணை இங்கே நடந்துவந்தது. மார்கரெட் பால்ஃபோர் என்னும் மூத்த பெண் மருத்துவர் அதை நடத்தினார். பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களிடையே கர்ப்ப காலத்தில் ஒரு கொடிய இரத்தச்சோகை காணப்பட்டது. அதற்குக் காரணம் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே லூசிக்கு இடப்பட்ட பணி. பம்பாய் ஹாஃப்கின் நிலையத்தில் அவருக்கு ஆய்வுக்கூடம் அமைந்தது. டாட்டா சீமாட்டி நினைவு அறக்கட்டளையும் பொருளுதவி செய்தது.

அந்தப் பெண்கள் கர்ப்பத்தின் பிற்பகுதியில் மருத்துவமனைக்கு வந்தார்கள். நாக்கும் நகமும் வெளுத்திருக்கும், பலருக்குக் கால் வீங்கியிருக்கும், நடக்க முடியாது. பிரசவ நேரத்தில் சிறிதளவு இரத்தம் போனாலும் தாங்கும் வலிமை இராது. தாயும் போய்ச் சேயும் போன வீடுகள் பல. இரும்புச்சத்துக் குறைந்தவருக்குச் சிவப்பணுக்கள் அளவில் சிறுத்திருக்கும். இப்பெண்களின் இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்த்தபோது, சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் மிகக் குறைந்தும் அளவில் பெருத்தும் இருந்தன. இது இரும்பு கொடுத்துத் தீர்க்கக்கூடிய சோகை அல்ல என்பது அதிலிருந்தே தெரிந்தது.

லூசி ஆய்வுக்கூடத்தை விட்டு இறங்கி, அப்பெண்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். அவர்களுடைய குடியிருப்புகளையும் உணவையும் பற்றி இந்திய உதவியாளர்களுடன் விரிவாகக் கணக்கெடுத்தார். வசதியான குடும்பங்களில் இந்நோய் அரிது. மிக ஏழ்மையான முஸ்லிம் குடும்பங்களின் பெண்களிடம் அது மிகுதி. உணவு மிக மோசமாயிருந்ததும் அவர்களிடமே. நோய் வறுமையின் தடத்திலேயே நடந்து சென்றது. ஆனால் உணவில் குறைந்திருந்தது எது? அரிசியும் ரொட்டியும் வயிற்றை நிரப்பின. நிரப்பிய வயிற்றில் இல்லாத ஒன்றைத் தேடுவது எப்படி?

எலிகளுக்கு அதே உணவைக் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்கும் சோகை வந்தது. கருவுற்ற எலிகள் குட்டி போடுமுன்பே இறந்தன. உணவுடன் ஈஸ்ட் சேர்த்தபோது சோகை தடுக்கப்பட்டது. பலரும் இந்த இடத்திலேயே காரணம் கிட்டிவிட்டதென்று மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் ஒரு சிக்கல் வெளிப்பட்டது. அந்த எலிகளின் உடலில் பேன் இருந்தது. பேன் மூலம் பரவும் பார்ட்டோனெல்லா என்னும் கிருமி எலிகளின் சிவப்பணுக்களை அழிக்கவல்லது. அப்படியானால் எலிகள் வெளுத்தது உணவுக் குறையாலா, கிருமியாலா? இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்ட சோதனையை வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. லூசி எலிகளின் முடிவோடு நின்றுவிடவில்லை. மீண்டும் முதலிலிருந்து, இம்முறை குரங்குகளை வைத்து, சோதனையைத் தொடங்கினார்.

இந்த எலிப்பேன் நிகழ்ச்சியைச் சிறிய செய்தி என்று தள்ளிவிடக்கூடாது. உணவுக் குறையா, உடலுக்குள் எரியும் நெருப்பா என்னும் இதே கேள்வி இன்றைய மருத்துவமனை வார்டுகளிலும் தினந்தோறும் எழுகிறது. ஆல்புமின் என்னும் புரதத்தின் கதையைக் கேட்டால் இது விளங்கும்.

ஆல்புமின் என்பது கல்லீரல் செய்து இரத்தத்தில் விடும் ஒரு புரதம். நலமுள்ளவரின் 100 மில்லிலிட்டர் இரத்தச் சீரத்தில் சுமார் மூன்றரை முதல் ஐந்து கிராம் வரை இருக்கும். இரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைத்திருப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அது மிகவும் குறைந்தால் நீர் குழாயை விட்டுக் கசிந்து திசுக்களில் தேங்க, கால் வீங்கும். புரதம்தானே, சாப்பாடு போதாததால் குறைந்திருக்கும் என்று மருத்துவ உலகமே நெடுங்காலம் எண்ணியது. மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு ஆல்புமின் குறைந்தால், ஊட்டம் போதவில்லை என்று எழுதி, முட்டையும் பாலும் கூட்டிக் கொடுத்தார்கள்.

உண்மை வேறாக இருந்தது. நுரையீரல் காய்ச்சலோ, தீப்புண்ணோ, பெரிய அறுவையோ, புரையோடிய காயமோ ஏற்படும்போது உடல் முழுவதும் அழற்சி பரவுகிறது. அப்போது நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்கள் தளர்ந்து, ஆல்புமின் வெளியே கசிகிறது. கல்லீரலும் ஆல்புமின் செய்வதைக் குறைத்துக்கொண்டு, கிருமியோடு போராடும் வேறு புரதங்களைச் செய்வதில் இறங்கிவிடுகிறது. வீட்டில் திருவிழா வந்தால் அன்றாடச் சமையலைக் குறைத்துக்கொண்டு பலகாரம் சுடுவதில் இறங்குவதில்லையா, அதுபோல. அத்தகைய போர்க்காலப் புரதங்களில் ஒன்றான சி-ரியாக்டிவ் புரதம் 1930-இல், லூசி பம்பாயில் உழைத்துக் கொண்டிருந்த அதே காலத்தில், நியூயார்க்கின் ராக்பெல்லர் நிலையத்தில் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டறியப்பட்டது.

ஆகவே நன்றாகச் சாப்பிட்டு வந்த ஒருவருக்கும் கடுங்காய்ச்சல் கண்டால் ஓரிரு நாளில் ஆல்புமின் இறங்கிவிடும். வெறும் பட்டினியால் எலும்பும் தோலுமாகிவிட்ட சிலருக்கோ அது வெகு நாள் வரை இறங்காமலேயே இருக்கும். அமெரிக்காவின் மருத்துவ ஊட்டச் சங்கம் 2020-இல் வெளியிட்ட நிலைக்குறிப்பில், ஆல்புமின் அளவை ஊட்டக்குறைவின் அடையாளமாகக் கொள்ளக்கூடாது என்று தெளிவாகவே கூறிவிட்டது. அப்படியென்றால் அந்தச் சோதனை வீணா? இல்லை. ஆல்புமின் இறங்கிய நோயாளி ஆபத்துக்கு நெருங்கியவர் என்பதை அது நம்பகமாக அறிவிக்கிறது. எங்கே நெருப்பு என்று தேட வேண்டியது மருத்துவரின் பொறுப்பு. க. விலக்கில் உள்ள நமது தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உறவினர் யாரையேனும் சேர்த்திருக்கும்போது ஆல்புமின் குறைவு என்று சீட்டில் கண்டால், வீட்டில் சரியாகச் சோறு போடவில்லையோ என்று மருமகளைக் கடிந்துகொள்ளாதீர்கள், பெற்றோர்களே!

இரத்தச்சோகைக்கும் இதே இரட்டை வழி உண்டு. அழற்சி நீடித்தால், உடலில் இரும்பு இருந்தும் அது களஞ்சியத்தில் பூட்டப்பட்டுவிடும். சிவப்பணுக்கள் ஆக்கப்படுவது குறையும். காசநோயாளிகள் வெளுத்துப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே வெளுப்பு, ஒரே வீக்கம். ஆனால் காரணங்கள் வேறு வேறு. பேன் பிடித்த எலிகளைக் கண்டு லூசி வில்ஸ் நிதானித்தது இதனால்தான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இனி அவர் கதைக்குத் திரும்புவோம். 1929-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அவர் தமது ஆய்வை நீலகிரியில் உள்ள குன்னூர் பாஸ்டர் நிலையத்திற்கு மாற்றிக்கொண்டார். அங்கே சர் ராபர்ட் மெக்காரிசன் உணவு ஆராய்ச்சியை நடத்தி வந்தார். குன்னூரின் அந்தச் சிறு ஆய்வுக்கூடமே வளர்ந்து பின்னாளில் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. 1931-இன் தொடக்கத்தில் சென்னை வந்து, திருவல்லிக்கேணியில் உள்ள கோஷா ஆஸ்பத்திரியில் பணிபுரிந்தார். ஆண் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளக் கூசி வீட்டிலேயே இறந்துபோன பெண்களுக்காக 1885-இல் மேரி ஷார்லீப் அம்மையார் தோற்றுவித்த மருத்துவமனை அது. இன்று அது அரசு கஸ்தூரிபா காந்தி தாய் சேய் நல மருத்துவமனை என வழங்குகிறது. பேர் மாறியும் சென்னைக்காரர்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள்.

குரங்குகளுக்குப் பம்பாய்ப் பெண்களின் உணவையொத்த உணவு கொடுக்கப்பட்டது. அவற்றுக்கும் அதே வகைச் சோகை, பெருத்த சிவப்பணுக்களுடன் வந்தது. சாகும் நிலையில் இருந்த ஒரு குரங்குக்கு மார்மைட் கொடுக்கப்பட, அது எவரும் எதிர்பாராத வகையில் தேறி எழுந்தது என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். மார்மைட் என்பது மது வடிக்கும் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யப்படும் ஒரு கரிய களிம்பு. ஆங்கிலேயர் ரொட்டியில் தடவி உண்பது. உப்புச் சுவை தூக்கலாக இருக்கும். பிடித்தவர்களுக்கு மிகவும் பிடிக்கும், பிடிக்காதவர்கள் கிட்டவே வரமாட்டார்கள். மளிகைக் கடையில் மலிவாகக் கிடைத்த அந்தப் பண்டத்தை நோயுற்ற பெண்களுக்கும் கொடுத்தார் லூசி. சில நாட்களுக்குள் இரத்தத்தில் இளஞ்சிவப்பணுக்கள் பெருகத் தொடங்கின. பசி எடுத்தது. முகத்தில் நிறம் திரும்பியது. எழுந்து நடக்க மாட்டாதவர்கள் நடந்தார்கள். இம்முடிவுகளை 1931-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்.

அக்காலத்தில் இன்னொரு மருந்தும் வழக்கில் இருந்தது. 1926-இல் அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்னும் இருவர், உயிர்க்கொல்லிச் சோகை எனப்பட்ட நோய்க்கு ஈரல் உணவு கைகண்ட மருந்து என்று காட்டியிருந்தனர். நம் ஊர்ப் பாட்டிமார் வெளுத்த பெண்ணுக்கு ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் சமைத்துக் கொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பம்பாய்ப் பெண்களுக்கும் ஈரல் சாறு பயன் தந்தது. ஆனால் விலை அதிகம். ஆலைத் தொழிலாளியின் மனைவிக்கு அது எட்டாது. மார்மைட் எட்டியது.

இங்கேயும் லூசியின் கூர்மை வெளிப்பட்டது. ஈரல் சாற்றை நன்றாகச் சுத்திகரித்து எடுத்தபோது, அது உயிர்க்கொல்லிச் சோகையைக் குணமாக்கியது; ஆனால் இந்தியப் பெண்களின் சோகைக்குப் பயன்படவில்லை. சுத்திகரிக்காத சாறு மட்டுமே பயன்பட்டது. ஆகவே ஈரலில் ஒன்றல்ல, இரண்டு மருந்துகள் உள்ளன. இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்று அவர் நிறுவினார். இவர் கண்ட அந்தப் பெயரில்லாப் பொருளுக்கு வில்ஸ் பொருள் என்றே பெயர் வழங்கலாயிற்று. சுத்திகரித்த சாற்றில் இருந்த மற்றொன்று 1948-இல் பி-12 வைட்டமின் என அறியப்பட்டது.

வில்ஸ் பொருள் எது? 1941-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நான்கு டன் பசலைக் கீரையைப் பிழிந்து, அதிலிருந்து மிகச் சிறிதளவு அமிலம் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். இலைக்கு லத்தீன் மொழியில் ஃபோலியம் என்று பெயராதலால் அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். அதை ஆலையில் செயற்கையாகச் செய்யும் வழி 1945-இல் நியூயார்க் மாநிலத்தின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அந்த ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பராவ். ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தி அறுவை மருத்துவப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்திற்குப் பதில் குறைந்த சான்றிதழே பெற்றவர். அவருடைய உடன்பிறந்தாரைப் பலி கொண்ட ஸ்புரூ என்னும் குடல் நோய்க்கு, அவர் குழுவினர் செய்த ஃபோலிக் அமிலமே மருந்தாயிற்று. பட்டம் மறுக்கப்பட்ட ஆங்கிலப் பெண் ஒருவர் தொடங்கிய வேலையை, பட்டம் மறுக்கப்பட்ட இந்தியர் ஒருவர் முடித்து வைத்தார்.

இந்தச் சத்து நம் அடுப்படிக்கு அந்நியமானதன்று. முருங்கைக் கீரை, அரைக் கீரை, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, ஈரல் ஆகியவற்றில் அது உண்டு. ஆனால் வெப்பத்துக்கு எளிதில் அழியும், நீரில் கரையும். கீரையை நெடுநேரம் வேகவைத்து வடித்த நீரைச் சாக்கடையில் கொட்டினால், சத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடும்.

1933-இல் லூசி லண்டன் திரும்பி ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மீண்டும் முழுநேரப் பணி ஏற்றார். 1937-ஆம் ஆண்டு இறுதியில் பத்து வாரங்களுக்கு மறுபடியும் பம்பாய் வந்து ஆய்வு செய்து போனார். அப்போதுதான் முதன்முறையாகக் கராச்சி வரை விமானத்தில் பறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஜூலையில், அம்மருத்துவமனையின் மீது ஜெர்மானியரின் பறக்கும் குண்டு விழுந்து பலர் மாண்டனர். ஆய்வுக்கூடத்தின் வேலை சில நாட்களே நின்றது. போர் முடியும்போது நோய்க்குறியியல் துறைக்கு அவரே பொறுப்பாளர். இரத்தவியலுக்கென்று ஒரு பிரிவையும் அங்கே முதன்முதலாக ஏற்படுத்தியிருந்தார்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. மலையேறுவதிலும் பனியில் சறுக்கிச் செல்வதிலும் பெருவிருப்பம். சக மருத்துவர்கள் காரில் வந்து இறங்க, இவர் சைக்கிளில் வந்து இறங்குவார். 1947-இல் ஓய்வு பெற்ற பின்னும் வீட்டில் அமரவில்லை. ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று பயணம் செய்து, அங்கெல்லாம் கர்ப்பிணிகள் என்ன உண்கிறார்கள், அவர்கள் இரத்தம் எப்படி இருக்கிறது என்று பார்த்தார். லண்டனில் செல்சி பகுதியின் நகராட்சி உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள், 75-ஆம் வயதில் காலமானார்.

தாம் தேடிய பொருளின் இன்னொரு வல்லமையை அவர் அறியாமலேயே போய்விட்டார். முதுகுத் தண்டு மூடாமல் பிறக்கும் குழந்தைகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அப்படி ஒரு குழந்தையை முன்பே பெற்ற தாய்மாரிடம் பிரிட்டன் முதலிய பல நாடுகளில் நடத்தப்பட்ட சோதனையின் முடிவு 1991-இல் வெளியாயிற்று. ஃபோலிக் அமிலம் உட்கொண்டவர்களுக்கு அக்குறை மீண்டும் வருவது நான்கில் மூன்று பங்களவுக்குக் குறைந்தது. பயன் அவ்வளவு தெளிவாக இருந்ததால், மருந்து பெறாத தாய்மாரை மேலும் காத்திருக்க வைப்பது முறையாகாது என்று சோதனையை இடையிலேயே நிறுத்திவிட்டனர். குழந்தையின் முதுகுத் தண்டு மூடுவது கரு உருவான முதல் 28 நாட்களுக்குள். தாய்க்கே செய்தி தெரியுமுன் அந்த நாட்கள் கடந்துவிடும். எனவேதான் கருத்தரிக்கும் முன்பிருந்தே அதை உட்கொள்ளுமாறு மருத்துவர்கள் கூறுகின்றனர்.